தங்கவேல் தெரியாமல் தொடங்கிய மதம்

மதம் தொடங்குகிறவர்களுக்கு மலை, குகை, ஆற்றங்கரை என்று கௌரவமாக ஓர் இடம் வாய்க்கும். மண்ணூர்பேட்டை தங்கவேலுக்கு வாய்த்தது கக்கூஸ் குழாய்.

கொரட்டூரில் எமரால்டு லேக் ரெசிடென்சி என்று ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கிறது. பெயரில் உள்ள ஏரியைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நிற்க வேண்டும். அங்கே ஏறுகிற ஒரே ஆள் தங்கவேல்தான். அந்தக் கட்டடத்தின் குழாய் வேலை மொத்தமும் பல வருஷமாக அவன் கையில்.

தங்கவேலுக்கு ஐம்பத்திரண்டு வயது, ஒடிசலான உடம்பு. தொழிலில் அந்த உடம்புதான் அவனுக்குப் பெரிய உதவி. அடுக்குமாடிகளில் பாத்ரூம்களுக்குப் பின்னால் மேலிருந்து கீழ்வரை ஒரு குறுகிய சந்து விட்டிருப்பார்கள், குழாய்கள் இறங்குவதற்காக. டக்ட் என்பார்கள். தொப்பை வைத்த பிளம்பர்கள் அதற்குள் எட்டிப் பார்த்துவிட்டு, சுவரை உடைத்தால்தான் ஆகும் என்று கையை விரித்துவிடுவார்கள். தங்கவேல் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு பல்லி மாதிரி இறங்கிவிடுவான். பதினாறு வயதில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத்துப் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தான். அதை மூடினார்கள். இன்னொன்றில் சேர்ந்தான். அதையும் மூடினார்கள். "கம்பெனிங்கள மூடுவானுங்க, கக்கூஸ மூட மாட்டானுங்க" என்று கண்டுபிடித்துக் குழாய் வேலைக்கு வந்தவன்.

உடம்புக்குச் சேர்த்து வாய் வளர்ந்திருந்தது. சொந்தக் கல்யாணத்தில், "அய்யரே, கொழாயில தண்ணி வர்ற டைமு, சட்டுனு முடிங்க" என்று சொல்லி மாமனாரின் முகத்தைச் சுருங்க வைத்தவன். அப்பா செத்த வீட்டில்கூட அழுதுகொண்டிருந்தவர்களைச் சிரிக்க வைத்து, அத்தைமாரிடம் திட்டு வாங்கினான். சாமி விஷயத்தில் கேட்கவே வேண்டாம். ஆடி மாசம் மனைவி கண்ணம்மா விரதம் இருந்தால் அவள் எதிரிலேயே உட்கார்ந்து கருவாடு தின்பான். "நீ கைய கூப்புற, நான் ரிஞ்சப் புடிக்கிறேன். ரெண்டு பேருக்கும் கடைசில தண்ணி வரணும், அவ்ளோதானே" என்பான். இருபத்தேழு வருஷக் குடித்தனத்தில் அவன் நேராக, நையாண்டி கலக்காமல் ஒரு முழு வாக்கியம் பேசிக் கண்ணம்மா கேட்டதில்லை.

இப்படிப்பட்ட ஆளின் வாயிலிருந்துதான் அந்தத் திருச்சொல் பிறந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை. இரண்டாவது மாடி வீட்டில் சுவர் ஊறுகிறது என்று குடியிருப்புச் சங்கச் செயலாளர் கூப்பிட்டிருந்தார். தங்கவேல் டக்டுக்குள் இறங்கி, மூன்றாவது மாடிக் குழாய்க்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தான். மேலே மொட்டை மாடியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தவன் காலித். பூந்தமல்லிக்காரன், பதினைந்து வருஷமாகத் தங்கவேலோடு வேலை செய்கிறவன். கத்தினால் வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் இருவரும் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு போனில்தான் பேசிக்கொள்வார்கள்.

"மாமே, வெடிப்பு அங்க கீதா?" என்று காலித் கேட்டான்.

சாதாரணமாக இந்தக் கேள்விக்குத் தங்கவேல் கால் மணி நேரம் பதில் சொல்வான். கட்டடம் கட்டியவனின் பரம்பரையையே இழுப்பான். அன்றைக்கு வாயில் டார்ச் லைட்டைக் கவ்விக்கொண்டிருந்தான். அதைக் கொஞ்சம் ஒதுக்கி, ஒரே ஒரு வார்த்தை சொன்னான்.

"கீது."

சுவருக்கு அந்தப் பக்கம், மூன்றாவது மாடி பாத்ரூமில், மூடிய கம்மோடின் மேல் ஸ்ரீநாத் உட்கார்ந்திருந்தான். கரூர்க்காரன், முப்பத்து நான்கு வயது, மென்பொருள் கம்பெனியில் டெஸ்டிங் வேலை; அதாவது, அடுத்தவன் செய்ததில் ஓட்டை கண்டுபிடிப்பது. அந்த மாதம் அவன் குழுவில் பாதிப் பேரைக் கம்பெனி வீட்டுக்கு அனுப்பியிருந்தது. அடுத்தது தான்தானோ என்ற கலக்கத்தில் ஸ்ரீநாத் சோறு தண்ணீர் இறங்காமல் கிடந்தான். ஏற்கெனவே கையில் மூன்று நிறக் கல் மோதிரம், கார் நம்பருக்குக் கூட்டுத்தொகை, தலைமாட்டில் குறி பார்க்க ஓர் ஊசல்குண்டு என்று பக்குவப்பட்டிருந்த ஆள். மனைவி பவ்யாவுக்குக் கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டு, மேலே பார்த்து வாய்விட்டுக் கேட்டான்: "இதுக்கெல்லாம் பின்னாடி ஏதாவது ஒண்ணு இருக்கா, இல்லையா?"

வென்டிலேட்டர் வழியாக, குழாய்களில் மோதி எதிரொலித்துக்கொண்டு, ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத ஒரு குரல் வந்தது.

"கீது."

ஸ்ரீநாத் கம்மோடிலிருந்து இறங்கித் தரையில் விழுந்து கும்பிட்டான். அழுது முடித்து எழுந்து வென்டிலேட்டரில் எட்டிப் பார்த்தபோது டக்டுக்குள் யாரும் இல்லை. தங்கவேல் டீ குடிக்க மேலே ஏறிப் போயிருந்தான்.

அப்புறம் நடந்ததெல்லாம் படித்தவர்கள் செய்த வேலை. ஸ்ரீநாத் அந்த ஒற்றை வார்த்தையை ஒரு வாரம் உட்கார்ந்து ஆராய்ந்தான். கீறான் என்று சொல்லவில்லை, கீறாள் என்று சொல்லவில்லை, கீறார் என்றுகூடச் சொல்லவில்லை. கீது. ஆண் பெண் கடந்தது, உயர்வு தாழ்வு கடந்தது, ஒன்றன்பால். எத்தனையோ மகான்கள் புத்தகம் புத்தகமாக எழுதியும் பிடிபடாததை மூன்றே மாத்திரையில் சொல்லிவிட்டது. அதுவும் சமஸ்கிருதத்தில் சொல்லவில்லை, இலக்கணத் தமிழில் சொல்லவில்லை. இந்த மண்ணின் பேச்சில் சொல்லியிருக்கிறது! பவ்யா முதலில் டாக்டரிடம் போகலாமா என்று யோசித்தாள். அடுத்த மாதம் ஸ்ரீநாத்துக்கு வேலை போகவில்லை என்று உறுதியானதும் அவளும் சேர்ந்துகொண்டாள்.

'கீது நெறி: முதல் வெளிப்பாடு' என்று நாற்பத்தெட்டுப் பக்கத்தில் ஒரு புத்தகம் வந்தது. ஒரு வார்த்தைக்கு நாற்பத்தெட்டுப் பக்கம். உறுப்பினர் அல்லாதவர் படிக்கக்கூடாது என்று அட்டையிலேயே எச்சரிக்கை. பாத்ரூமுக்கு மூலத் துவாரம் என்று பெயராயிற்று. வென்டிலேட்டரின் கண்ணாடிப் பட்டைகளைக் கழற்றினார்கள். கம்மோடுக்கு நீலப் பட்டு போர்த்திப் பீடம் என்றார்கள். வீட்டில் இருந்த இன்னொரு பாத்ரூமுக்குக் காலையில் வரிசை நின்றது. உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்தால் இடது காதை உள்ளங்கையால் மூடித் திறக்க வேண்டும். அது ரகசியக் குறி. வியாழக்கிழமைகளில் 'இல்லை' என்ற சொல்லையே சொல்லக் கூடாது. எதிர்வீட்டிலிருந்து சர்க்கரை கேட்டு வந்தவர்களிடம், "சர்க்கரை வேற எங்கேயோ கீது" என்று ஒரு வங்கி மேலாளரே சொல்லி அனுப்பினார்.

ஆவடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும்கூட ஆள் வர ஆரம்பித்தார்கள். நாற்பது பேருக்குக் குறையாது. எல்லாரும் நல்ல வேலையில் இருக்கிறவர்கள், வெளியூரிலிருந்து வந்து இங்கே வீடு வாங்கியவர்கள். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு "கீ...து" என்று ராகமாக இழுத்துச் சொல்வது டக்ட் வழியாக ஐந்து மாடிக்கும் கேட்கும்.

இதில் தங்கவேலுக்கு வயிற்றெரிச்சலான விஷயம் ஒன்று உண்டு. கண்ணம்மா ஸ்ரீநாத் வீட்டில் சமையல் வேலை செய்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த வீட்டுக் குழந்தை அவளைப் பார்த்து, "பால் கீது" என்று சொல்லப் பழகியதற்குப் பவ்யா, "அக்கா, குழந்தை எதிர்ல அப்படிப் பேசாதீங்க, ஸ்கூல்ல சிரிக்கிறாங்க" என்று முகத்தில் அடித்தாற்போலச் சொன்னவள். இப்போது அதே குழந்தை தினம் நூற்றெட்டுத் தடவை கீது சொல்ல வேண்டும். அது மட்டுமா? ஒருநாள் தங்கவேல் படிக்கட்டில் நின்று, "மோட்டாரு ஓடிக்கினு கீதா?" என்று காவலாளியிடம் கத்தப்போக, சங்கச் செயலாளர் ஓடி வந்தார். அவரும் சேர்ந்துவிட்டிருந்தார்.

"தங்கவேல், அந்தச் சொல்ல சும்மா சும்மா பயன்படுத்தாதீங்க. இங்க நிறைய பேருக்கு அது மந்திரம்."

"அப்ப நான் இன்னாதான் சொல்றது?"

"இருக்குன்னு சொல்லுங்களேன்."

பிறந்ததிலிருந்து பேசிய வார்த்தையைப் பேசக்கூடாது என்கிறார்களே என்று அவன் காலித்திடம் புலம்பினான். அதுவரை எல்லாமே யாரோ பைத்தியக்காரர்கள் செய்வதாகத்தான் நினைத்திருந்தான். கண்ணம்மாவும் அதில் சேர்ந்து, ஒருநாள் அந்த நாற்பத்தெட்டுப் பக்கப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வெளிப்பாடு நிகழ்ந்த தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று பத்து, மூன்றாம் தளம், மேற்குப் பக்கக் குழாய் வழி என்று முதல் பக்கத்திலேயே அச்சடித்திருந்தது. தங்கவேல் படித்துவிட்டுக் கட்டிலிலிருந்து உருண்டு விழாத குறையாகச் சிரித்தான்.

"அடியே, அது நாந்தான்டி! அன்னிக்கு டக்ட்டுல தொங்கிகினு இருந்தேன். காலித்து கேட்டான், நான் கீதுன்னேன். உங்க சாமி நாந்தான். வுயுந்து கும்புடு!"

கண்ணம்மா அசரவில்லை. "போயா. அந்தக் கொரலு ஒரே ஒரு வார்த்த சொல்லிட்டு நிறுத்திக்கிச்சாம். நீ ஒரு வார்த்தயோட நிறுத்துற ஆளா?"

காலித்திடம் முறையிட்டால் அவனும் கையைக் கொட்டிச் சிரித்தான். "நீ ஆரம்பிச்ச மதம், உன்னியே உள்ள வுட மாட்றாங்க மாமே. எங்கயும் நடக்காத கூத்து."

ஆனால் கண்ணம்மா போவதை அவன் தடுக்கவில்லை. ஒரு காரணம் இருந்தது. மூன்று வீட்டில் சமைக்கிறாள். எந்த வீட்டிலும் அவளை உட்காரச் சொன்னதில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் மட்டும் அந்த வீட்டுக் கூடத்தில் பவ்யாவுக்குப் பக்கத்தில், அதே பாயில் உட்காருகிறாள். "ஒரு மணி நேரம் யாரும் என்னிய ஏன்னு கேக்க மாட்டாங்க. சும்மா குந்திகினு இருப்பேன்" என்று அவள் சொன்னபோது தங்கவேலுக்கு நையாண்டி எதுவும் தோன்றவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டான்.

அப்படி விட்டது எங்கே கொண்டுவந்து நிறுத்தியது என்பது மாசி மாதம் தெரிந்தது.

மண்ணூர்பேட்டை டீக்கடையில் நின்றிருந்தவனை ஜெபா பிடித்தாள். வீடு வீடாக வந்து சர்க்கரையும் பிரஷரும் பார்க்கிற சுகாதாரப் பணியாளர்.

"அண்ணா, அக்காவ எப்பதான் கூட்டிக்கினு போவப்போறீங்க? சீட்டு எழுதிக் குடுத்து ஒரு மாசம் ஆச்சு."

"இன்னா சீட்டு? சினிமா சீட்டா?"

ஜெபா சிரிக்கவில்லை. "மார்ல கட்டி கீதுண்ணா. நானே கை வெச்சிப் பாத்தேன். வலி இல்லியாம். வலி இல்லேன்னு சொல்றதுதான் எனக்கு பயமா கீது. பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்தேன். உங்ககிட்ட சொல்லவே இல்லியா?"

தங்கவேல் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தான். கண்ணம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

அவள் எதைப் பற்றி என்று கேட்கவில்லை. "சொன்னா இன்னா பண்ணியிருப்ப? கலாய்ச்சிருப்ப."

அது உண்மை. அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. நாளைக்கே கிளம்பு என்றான். அவள் மாட்டேன் என்றாள். அவளுடைய அக்காவுக்கும் இதேதான். "எங்கக்கா நடந்துதான் போனா. பஸ்ல எனக்கு சீட்டு புடிச்சிக் குந்த வெச்சிட்டு அவ நின்னுகினே வந்தா. திரும்பி வரச்சொல வண்டில படுக்க வெச்சிக் கொண்டாந்தாங்க."

"அவ ரெண்டு வருசம் மறைச்சி வெச்சிட்டுப் போனா. நீயும் அத்தத்தான் பண்ணிகினு கீற."

"வியாழக்கெழம எனக்குப் பத்தாவது வாரம். மூலத் துவாரத்துல நானே தனியா கேக்கலாம். கீதுன்னு பதில் வந்தா, நீ சொல்ற எடத்துக்கு வரேன். பதில் வரலேன்னா எனக்கு ஒண்ணும் இல்லேன்னு அர்த்தம். அப்பறம் ஆஸ்பத்திரின்னு நீ வாயத் தொறக்கக் கூடாது."

அந்த மதத்தின் சட்டம் அதுதான். அந்தக் குரல் 'இல்லை' என்று சொல்லாது. இல்லையென்றால் பேசாமல் இருக்கும். மற்ற நாளெல்லாம் ஸ்ரீநாத் தியானத்தில் கேட்டுச் சொல்வான். அவனுக்கு எப்போதும் கீது என்றே கேட்கும். பத்து வாரம் தவறாமல் வந்தவர்கள் மட்டும் தாங்களே உள்ளே போய் நேரில் கேட்கலாம். இதுவரை அப்படிக் கேட்ட நான்கு பேருக்கும் குழாய் வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறக்கும்? பதில் சொல்ல வேண்டிய சாமி வேறு ஏதாவது கட்டடத்தில் குழாய் எல்போ மாற்றிக்கொண்டிருந்திருக்கும்.

தங்கவேல் கணக்குப் போட்டுப் பார்த்தான். கண்ணம்மா அமைதியைக் கேட்டுவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்கு வருவாள். அத்தோடு முடிந்தது. அவள் பிடிவாதம் அவனுக்குத் தெரியும்.

புதன்கிழமை காலையில் நேராக ஸ்ரீநாத்திடம் போய் நின்றான். தேதி, நேரம், டார்ச் லைட், காலித் எல்லாவற்றையும் சொன்னான். ஸ்ரீநாத் குறுக்கே பேசாமல் கேட்டான். பிறகு புன்னகைத்தான். மதம் நடத்துகிறவர்களுக்கு அந்தப் புன்னகை எங்கிருந்து வருகிறதோ தெரியவில்லை, எல்லாருக்கும் ஒரே மாதிரி வந்துவிடுகிறது.

"அண்ணா, நீங்க பேசியிருக்கலாம். ஆனா பேசினது நீங்கன்னு எப்படிச் சொல்றீங்க? குழாய் வழியா தண்ணி வருது. அதுக்காகத் தண்ணியக் குழாயா உண்டாக்குது?"

"சார், கொழாயும் நான், தண்ணியும் நான்."

"லிஃப்ட் மெக்கானிக்கும் இதையேதான் சொன்னாருங்க. காவலாளி வேற சொல்றாரு. உங்களோட மூணு பேர்."

தங்கவேல் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவனிடம் கை கூப்பினான். "செரி சார், நான் இல்ல. நீங்களே ஒரு வார்த்த அவகிட்ட சொல்லுங்க, ஆஸ்பத்திரிக்குப் போவச் சொல்லி. நீங்க சொன்னா கேப்பா."

ஸ்ரீநாத்தின் முகம் வாடியது. கெட்டவன் இல்லை அவன். ஆனாலும் தலையை ஆட்டினான். "அக்காவோட கேள்வி, அக்காவோட பதில். நடுவுல நான் புகுந்தா நெறியே போயிடுங்க."

சரி, உன் நெறியும் நீயும் நாசமாய்ப் போங்கள் என்று மனதுக்குள் வைதுவிட்டுத் தங்கவேல் மொட்டை மாடிக்கு ஏறிக் கயிற்றைச் சோதித்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு அவன் டக்டுக்குள் இறங்கினான். அன்றைக்கு எந்தக் குழாயும் ஒழுகவில்லை. மேலே காலித் கயிற்றை இரண்டு சுற்று கையில் சுற்றிக்கொண்டான்.

"மாமே, ஒத்த வார்த்த. அதோட நிறுத்திக்க. எதுனா எக்ஸ்ட்ரா பேசினே, மாட்டிக்குவே."

"தெர்தா, வுடு."

மூன்றாவது மாடி வென்டிலேட்டருக்குக் கொஞ்சம் கீழே, சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றான். உள்ளே கதவு திறந்து மூடுகிற சத்தம். வளையல் சத்தம். கண்ணம்மா பீடத்துக்கு எதிரே தரையில் உட்காருவது தெரிந்தது. உட்காரும்போது "அப்பாடா" என்றாள், வீட்டில் சொல்கிற அதே மாதிரி.

நேராகக் கேள்விக்கு வருவாள் என்று நினைத்திருந்தான். அவள் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவது போலச் சாமியிடம் பேச ஆரம்பித்தாள்.

"எனக்கு இங்கிலீசுல எல்லாம் கேக்கத் தெரியாது சாமி. குளிக்கச்சொலதான் மொதல்ல கையில பட்டுச்சு. தீவாளிக்கு முன்னாடி. யார்கிட்டயும் சொல்லல. எங்கூட்டாளுகிட்ட சொல்லலாம்னு ரெண்டு வாட்டி போனேன். ஒரு வாட்டி கொரங்கு மாதிரி மூஞ்சிய வெச்சிக்கினு ஏதோ பல்லி கதை சொல்லிச்சு. சிரிச்சிட்டு வந்துட்டேன். அந்தாளுக்கு இதெல்லாம் தாங்காது. வாயிதான் பெருசு. நான் இல்லாங்காட்டி அது ஊட்ல குந்தி யார்கிட்ட பேசும்? செவுத்துகிட்ட பேசும். அத்த நெனச்சாதான்..."

அவள் மூக்கை உறிஞ்சினாள்.

தங்கவேல் இருட்டுச் சந்தில் குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் காதில் காலித், "இன்னா மாமே, ஆச்சா?" என்று கேட்டது எங்கேயோ தூரத்தில் கேட்டது. இயர்போனைப் பிடுங்கி எறிந்தான்.

"சாமி, கேட்டுர்றேன். எனக்குள்ள கெட்டது எதுனா கீதா?"

ஒரே வார்த்தை. பிறந்ததிலிருந்து ஒரு நாளைக்கு நூறு தடவை சொன்ன வார்த்தை. கீது என்றால் அவள் உடம்புக்குள் அது இருக்கிறது என்று அவன் வாயாலேயே சொன்னதாக ஆகும். சொல்லிவிட்டால் உண்மையாகிவிடும் போல இருந்தது. சாமியை நம்பாத தங்கவேல், சொல்லுக்குப் பயந்தான். அரை நிமிஷம் போயிற்று. இன்னும் கொஞ்சம் போயிற்று.

உள்ளே கண்ணம்மா பெருமூச்சு விட்டாள். "பேசலியா? ரொம்ப சந்தோசம் சாமி" என்று தரையில் கையூன்றி எழுந்தாள். வளையல்கள் மறுபடியும் ஒலித்தன.

"கீது!"

குரல் கிழிந்துபோய் வந்தது. குழாய்களில் மோதி, மேலும் கீழும் ஓடியது. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்த முடியவில்லை.

"கீது கண்ணம்மா. போய்க் காட்டு. நாளைக்கே போ. உங்கக்கா மாதிரி வுட்றாத. கூட வருவான் அவன். ஒண்ணும் பேச மாட்டான், வாய மூடிகினு வருவான். போ கண்ணம்மா, உன் கால்ல வேணா வுயுறேன், போ."

எதிரொலி அடங்கியது. பிறகு வென்டிலேட்டருக்கு மிக அருகில், தணிந்த குரலில் கண்ணம்மா கேட்டாள்.

"யோவ். கயித்த இறுக்கிக் கட்டிகினு கீறியா?"

அவன் இடுப்பு முடிச்சைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"பதனமா மேல ஏறு" என்று சொல்லிவிட்டு அவள் கதவைத் திறந்துகொண்டு போனாள்.

கூடத்தில் நாற்பது பேர் எழுந்து நின்றிருந்தார்கள். குரல் எல்லாருக்கும் கேட்டிருந்தது. குழாய் எதிரொலியில் வார்த்தைகள் மட்டும் குழம்பியிருந்தன. இத்தனை நாளாகத் தான் மட்டும் கேட்டதாகச் சொன்னதை இப்போது ஊரே கேட்டுவிட்டதில் ஸ்ரீநாத்தான் எல்லாரையும்விட அதிர்ந்து போயிருந்தான். "என்னக்கா சொல்லுச்சு?" என்றான்.

கண்ணம்மா அவனைப் பார்த்தாள். ஒரே வார்த்தையில் அந்த மதத்தைக் குழாயோடு கழுவி விட்டிருக்கலாம். அந்தக் கூடத்தில் விரித்திருந்த பாயையும் பார்த்தாள்.

"டாக்டருகிட்ட போவச் சொல்லிச்சு. எல்லாரையுந்தான்" என்றாள்.

இரண்டாம் வெளிப்பாடு என்று அதற்கும் ஒரு புத்தகம் தயாராகிறது. அந்த வாரமே நாற்பது பேரும் ரத்தம் கொடுத்து, எக்ஸ்ரே எடுத்து, முழு உடம்பையும் சோதித்துக்கொண்டார்கள். வங்கி மேலாளருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. வேறு எங்கேயோ இருந்த சர்க்கரை அவர் ரத்தத்திலேயே இருந்திருக்கிறது. ஸ்ரீநாத்துக்கு ரத்தக்கொதிப்பு. அந்த மதத்தால் உலகத்துக்கு ஒரு நன்மை நடந்தது என்றால் அது இதுதான்; தங்கவேல் வேண்டுமானால் அதற்குப் பொறுப்பேற்றுக்கொள்ளலாம்.

கண்ணம்மாவின் கட்டியில் ஊசி போட்டு எடுத்துப் பார்த்தார்கள். கெட்ட கட்டிதான். ஆனால் சின்னது, வேறு எங்கும் பரவவில்லை, சரியான நேரத்தில் வந்தீர்கள் என்று டாக்டரம்மா சொன்னார். மூன்றாவது வாரம் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள்.

அன்று காலை ஆபரேஷன் தியேட்டர் வராந்தாவில் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணம்மாவுக்குப் பச்சை அங்கி மாட்டி, வளையலைக் கழற்றியிருந்தார்கள். தங்கவேல் சொன்ன சொல் தவறாமல் மூன்று வாரமாக வாயை மூடிக்கொண்டுதான் வந்துகொண்டிருந்தான். ஆயா, நர்ஸு, லிஃப்ட்காரர் என்று கிண்டலடிக்க எத்தனையோ பேர் எதிரில் போனார்கள். அவனுக்கு ஒன்றும் வரவில்லை. கடைசியில் பொறுக்க முடியாமல் கேட்டான்.

"ஏன்டி, அது நாந்தான்னு உனக்கு அன்னிக்கே தெரிஞ்சிப்போச்சே. சாமி சொன்னாத்தானே வருவேன்ன. அப்பறம் ஏன் வந்த?"

கண்ணம்மா முழங்காலில் அங்கியை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சாமி சொல்லியிருந்தா மறுபடியும் ஒரு வியாழக்கெழம போய் வேற மாதிரி கேட்டிருப்பேன். அது சாமிதானே, அதுக்கு இன்னா நஷ்டம்? ஆனா அந்தக் கொரலு பயந்துகினு இருந்திச்சுயா. நடுங்கிச்சு. எனக்காவ இவ்ளோ பயப்பட ஒருத்தன் கீறான்னு இருபத்தேழு வருசம் எனக்குத் தெரியவே தெரியாது."

நர்ஸ் கதவைத் திறந்து பெயரைக் கூப்பிட்டாள். சக்கர நாற்காலி கொண்டு வரட்டுமா என்று கேட்டாள். கண்ணம்மா வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு எழுந்தாள். தங்கவேல் அவள் கையைப் பிடித்தான். நர்ஸ் பார்க்கிறாள் என்றுகூடப் பார்க்கவில்லை. "பயமா கீது கண்ணம்மா" என்றான்.

"தெரியும். குந்து, வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே நடந்து போனாள்.